மூன்றாவது பெடல்: ஒரு பிஎம்டபிள்யூ 330ஐ (330i) ஆட்டோ கியரிலிருந்து மேனுவலுக்கு மாறிய கதை

வண்டி 2002ஆம் வருட பிஎம்டபிள்யூ 330ஐ. கம்பெனிக் குறியீட்டில் இ46 தலைமுறை. எம்54 இன்ஜின், வரிசையாக ஆறு சிலிண்டர், 2979 சிசி, 231 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் டார்க். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், சுருக்கமாக ஆட்டோ; கிளட்ச் பெடல் கிடையாது. வண்டிக்காரர் இங்கிலாந்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் இளைஞர். உடன்பிறந்தவர் இல்லைதான், ஆனால் நான் கூப்பிடுவது தம்பி என்று. இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

குளிர்காலக் காலையில் ரிவர்ஸ் போட்டால் வண்டி நாலைந்து விநாடி அசையாது. பிறகு முதுகில் ஒரு குத்து, அப்புறம்தான் பின்னால் நகரும். சூடான பிறகு சரியாகிவிடும் என்பதால் தம்பி ஒரு குளிர்காலம் முழுக்க அதோடு ஓட்டிவிட்டார். அடுத்த வருடம் மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது இன்ஜின் மட்டும் கத்திக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தது. ஒருநாள் மீட்டரில் பல்சக்கரப் படம் போட்ட விளக்கு எரிந்தது. கியர் மாற்றம் நின்று, ஒரே கியரில் வீடு வந்து சேர்ந்தார்.

கியர்பாக்ஸ் பெட்டிக்கடியில் பிளக்கைத் தளர்த்தி ஒரு கிண்ணம் ஆயில் எடுத்துப் பார்த்தோம். கறுப்பு, தீய்ந்த வாடை. இந்தக் காலத்து பிஎம்டபிள்யூ ஆட்டோ பெட்டிகளுக்கு ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். யாருடைய ஆயுள் என்று மட்டும் சொல்லவில்லை.

இ46 ஆட்டோக்களில் இரண்டு கம்பெனிப் பெட்டிகள் உண்டு. ஒன்று ஜெர்மனியின் இசட்எஃப் செய்தது. இன்னொன்று ஜெனரல் மோட்டார்ஸ் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் ஆலையில் செய்த 5எல்40இ. தம்பியின் வண்டியில் இருந்தது இரண்டாவது. ரிவர்ஸ் தாமதம் அந்தப் பெட்டியைப் பற்றி ஊரறிந்த குறைதான்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. பெட்டியைப் பிரித்து உள்ளே கிளட்ச் பிளேட், சீல் எல்லாம் புதிதாகப் போடுவது, உடைப்புக் கடையிலிருந்து பழைய ஆட்டோ பெட்டி வாங்கி மாட்டுவது, கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடும் மேனுவலுக்கு மாறுவது. என்னைக் கேட்டபோது முதல் வழியைத்தான் சொன்னேன். இரண்டாவது லாட்டரிச் சீட்டு, அந்தப் பெட்டியிலும் அதே கறுப்பு ஆயில்தான் இருக்கும். மூன்றாவது செலவில் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். குறைவே இல்லை. ஆசைக்காகச் செய்கிற வேலை அது, கணக்குக்காகச் செய்வதல்ல.

தம்பிக்கு ஆசை இருந்தது. "இந்த இன்ஜினை கிளட்ச் மிதிச்சு ஓட்டணும் அண்ணா, அதுக்குத்தான் இந்த வண்டியே வாங்கினேன், அப்போ ஆட்டோதான் கிடைச்சுது" என்றார். சரி என்று இறங்கினோம்.

இறங்கத் துணிந்ததற்கு ஒரே காரணம்தான். இதே வண்டியை இதே இன்ஜினோடு பிஎம்டபிள்யூவே மேனுவலாகவும் விற்றது. பாடி இரண்டுக்கும் ஒன்று. மேனுவல் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கான ஓட்டைகள், வண்டியடியில் நடுவே ஓடும் டனலில் ஏற்கெனவே இருக்கின்றன. கிளட்ச் பெடலுக்கு இடம் இருக்கிறது. கிளட்ச் குழாய் போக வேண்டிய ஓட்டையை ரப்பர் மூடி போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். வெல்டிங் கிடையாது, வெட்டல் கிடையாது. தயாரித்தவர்களே மேனுவலில் விற்காத ஒரு வண்டியோடு யாராவது என்னிடம் வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சாமான்களைத் தனித்தனியாக வாங்கினால் பைத்தியம் பிடித்துவிடும். கியர்பாக்ஸ், ஃப்ளைவீல், கிளட்ச் செட், பெடல்கள், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், பெட்டிப் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர், இடையில் போகும் குழாய், கியர் கம்பியும் அதன் தாங்கியும், குறுக்குச் சட்டம், பெட்டியிலிருந்து பின்னால் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், ரிவர்ஸ் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நடுக் கன்சோல் மூடி, ஒவ்வொன்றுக்கும் போல்ட்டுகள். போல்ட்டுகள்தான் ஆளைக் கொல்லும். ஆட்டோ பெட்டியும் மேனுவல் பெட்டியும் ஒரே நீளத்து போல்ட்டில் இன்ஜினோடு சேருவதில்லை. அதனால் பின்னால் அடிபட்டு உடைப்புக்கு வந்த ஒரு மேனுவல் 330ஐ முழுசாகவே கிடைத்ததும் தம்பி வாங்கிவிட்டார். நல்ல முடிவு. ஆனால் அடி பின்னால் என்பதால் அந்தச் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கூட்டில் விரிசல் விழுந்திருந்தது. பெட்டிதானே வேண்டும், பின்னால் இருப்பது எதற்கு என்று அப்போது நினைத்தோம். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்த நினைப்புதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இறக்கும் வேலைக்கு ஒரு சனிக்கிழமை போனது. எக்ஸாஸ்ட், வெப்பத் தகடுகள், புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று வரிசையாகக் கழற்றி, ஆட்டோ பெட்டியை டார்க் கன்வெர்ட்டரோடு (கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியே இன்ஜினையும் பெட்டியையும் இணைப்பது) சேர்த்தே இறக்கினோம். கன்வெர்ட்டரை இன்ஜின் பக்கத் தகட்டிலிருந்து முதலில் பிரிக்க வேண்டும்; இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்கைக் கையால் சுற்றிச் சுற்றி, சிறு துவாரம் வழியாக ஒவ்வொரு போல்ட்டாக எடுக்க வேண்டும். அவசரத்தில் பெட்டியை மட்டும் பின்னால் இழுத்தால் கன்வெர்ட்டர் இன்ஜினிலேயே தொங்கும், அதிலிருக்கும் ஆயில் முகத்தில் கொட்டும். பெட்டியின் மேல் பக்கத்து போல்ட்டுகளுக்கு இரண்டு முழ நீள எக்ஸ்டென்ஷன் போட்டு, பின்பக்கத்திலிருந்து குருட்டாம்போக்கில் தேட வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் உடம்பு வலித்த வேலை.

ரேடியேட்டர் பக்கம் ஆட்டோ ஆயிலைக் குளிர்விக்கும் சிறு வெப்பமாற்றி ஒன்று உண்டு. அதையும் அதன் குழாய்களையும் கழற்றினால் கூலன்ட் வழி ஒன்று திறந்து நிற்கும். கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்க் உட்காரும் அடித்தட்டே ஆட்டோவுக்கு வேறு, மேனுவலுக்கு வேறு. உடைப்பு வண்டியிலிருந்து அதையும் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம்.

ஏற்றும்போது முதலில் பைலட் பேரிங். மேனுவல் பெட்டியின் உள்வரு தண்டின் மூக்கு கிராங்க் முனையில் இந்தச் சின்ன பேரிங்கில்தான் உட்காரும். ஆட்டோவில் அந்தத் தண்டே இல்லை, ஆகவே பேரிங்கும் இருக்காது. பெட்டியை ஏற்றி முடித்த பிறகு இது நினைவுக்கு வந்தால் ஒரு நாள் வேலை மறுபடி கீழே இறங்கும். பேரிங்கை முதலிலேயே தட்டி ஏற்றிவிட்டுத்தான் ஃப்ளைவீலைத் தொட்டோம். ஃப்ளைவீல் போல்ட்டுகள் புதிது. பசை பூசி வரும் அவற்றை ஒரு தடவைதான் முறுக்கலாம்.

கிளட்ச்சில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வண்டியில் வருவது தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் வகை. பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டுக்குள் சரிவு வெட்டிய ஒரு வளையம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி இடைவெளியை நிரப்பும். பெடல் கடைசி வரை ஒரே கனமாக இருப்பது அதனால்தான். ஆனால் மாட்டும்போது போல்ட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கினால், பிளேட் தேய்ந்துவிட்டது என்று நினைத்து வளையம் திரும்பிவிடும். புதுக் கிளட்ச் பிறக்கும்போதே கிழடாகிவிடும். நடுவில் அழுத்திப் பிடிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதை வாடகைக்கு எடுத்தோம். நட்சத்திர வரிசையில் கவனமாக இறுக்கினால் கருவி இல்லாமலே முடியும் என்று சொல்கிறவர்கள் உண்டு. முடியலாம். நான் அந்தப் பந்தயத்துக்கு வரமாட்டேன்.

அடுத்தது கிளட்ச் எண்ணெய். இ46இல் கிளட்ச்சுக்குத் தனி டப்பா இல்லை. பிரேக் ஆயில் டப்பாவின் பக்கவாட்டு மூக்கிலிருந்து ஒரு குழாய் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும். ஆட்டோ வண்டியின் டப்பாவில் அந்த மூக்கு அடைத்தே வார்க்கப்பட்டிருக்கிறது. தம்பி நான் பார்க்காத நேரத்தில் அதை டிரில் போட்டுத் திறந்துவிட்டார். வேலை நடக்கும்தான். ஆனால் உள்ளே விழுந்த பிளாஸ்டிக் சீவல்? அது போய்ச் சேருவது பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு. அந்த ஒரு தடவைதான் நான் குரலை உயர்த்தியது. டப்பாவை எடுத்துப் போட்டுவிட்டு உடைப்பு வண்டியின் டப்பாவை மாட்டினோம். கியர்பாக்ஸ் சொதப்பினால் வண்டி நகராது. பிரேக் சொதப்பினால் நிற்காது.

கிளட்ச் குழாயில் மாட்டிய காற்றை எடுப்பதும் சாதாரணமாக முடியவில்லை. இருபது தடவை மிதித்தும் பெடல் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஸ்லேவ் சிலிண்டரைப் பெட்டியிலிருந்து கழற்றி, தண்டை உள்ளே அழுத்திப் பிடித்து, காற்று போகும் மூக்கு மேலே பார்க்கும்படி சாய்த்து வைத்தபோதுதான் குமிழி வெளியே வந்தது. அது இருக்கிற சாய்வில் காற்று ஒரு மூலையில் தங்கிவிடுகிறது.

இவ்வளவும் ஸ்பேனர் வேலை, பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். சாவியைத் திருப்பினோம். மீட்டர் விளக்கெல்லாம் எரிந்தது. ஸ்டார்ட்டர் ஒரு டிக் சத்தம்கூடப் போடவில்லை.

இதை எதிர்பார்த்திருந்தோம். ஆட்டோ வண்டியில் கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருக்கிறது என்ற சைகை வந்தால்தான், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் ஸ்டார்ட்டருக்கு அனுமதி கொடுக்கும். அந்தச் சைகையைக் கொடுத்துக்கொண்டிருந்த பெட்டி இப்போது கராஜ் மூலையில் கிடக்கிறது. வயரிங் வரைபடத்தைப் பார்த்து, வண்டி எப்போதும் பார்க்கில் இருப்பதாக நம்பும்படி அந்தக் கம்பியை இணைத்தோம். இன்ஜின் உடனே பிடித்தது. இதில் ஒரு ஆபத்து ஒட்டிக்கொண்டு வருகிறது. இனி கியரில் இருந்தாலும் சாவி திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி துள்ளும். எட்டு வருடம் ஆட்டோவே ஓட்டிய ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை. முதல் மாதம் ஸ்டீரிங்கில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வைத்தேன்: கிளட்ச் மிதி.

ரிவர்ஸ் லைட்டுக்கும் ஆட்டோ பெட்டியின் சுவிட்ச்தான் வழி காட்டிக்கொண்டிருந்தது. மேனுவல் பெட்டியில் ரிவர்ஸ் போட்டால் அழுந்தும் சாதாரண இரண்டு கம்பிச் சுவிட்ச். அதை அந்தப் பழைய கம்பிகளோடு சேர்த்தோம். கிளட்ச் பெடல் சுவிட்ச் தேவையில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோலில் போகும்போது கிளட்ச்சை மிதித்தால் இன்ஜினுக்கு அதைச் சொல்வது அந்தச் சுவிட்ச்தான். சொல்ல ஆள் இல்லாவிட்டால், சுமை இல்லாத இன்ஜின் வேகத்தைப் பிடிக்கிறேன் என்று சீறி மேலே ஏறும். ஆகவே இன்ஜின் கம்ப்யூட்டர் வரை ஒரு கம்பி இழுத்தோம்.

மிச்சம் கோடிங். கியர்பாக்ஸுக்கென்று இருந்த தனி கம்ப்யூட்டர், இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் மற்றவை அதைத் தேடிக்கொண்டே இருக்கும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு அணையாது. ஒவ்வொரு பிஎம்டபிள்யூவும் எந்தெந்த வசதிகளோடு ஆலையை விட்டு வந்தது என்பதற்கு வண்டிக்குள்ளேயே ஒரு பட்டியல் உண்டு. அதில் 205 என்பது ஆட்டோ கியர்பாக்ஸ். லேப்டாப்பில் 205ஐ எடுத்துவிட்டு, இன்ஜின் கம்ப்யூட்டர், மீட்டர் உட்படச் சம்பந்தப்பட்ட ஒவ்வொன்றையும் புதிதாகக் கோடு செய்ய வேண்டும். தம்பியின் தொழில் கம்ப்யூட்டர் என்பதால் இந்தப் பகுதியில் நான் டீ போடும் வேலையைப் பார்த்தேன். பழைய பட்டியலை முதலில் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னது மட்டும் என் பங்கு.

ஸ்பீடோமீட்டர் பற்றிக் கவலையே இல்லை. பழைய மாருதி 800இல் ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வரும். பெட்டியை மாற்றினால் முள்ளும் பொய் சொல்லலாம். இ46 வேகத்தைப் பின் சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சாரிலிருந்து எடுக்கிறது. பெட்டி எதுவானாலும் அதற்கு ஒன்றுதான்.

சரி, வண்டி ஓடியது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. தெருவை ஒரு சுற்று சுற்றி வந்த தம்பி முகத்தில் சிரிப்பு. மறுநாள் நெடுஞ்சாலையில் போய்விட்டு வந்தபோது அது இல்லை. "அண்ணா, அஞ்சாவதுல இருக்கேன், இன்னும் ஒரு கியர் இருக்கும்னு கை தானா தேடுது. இன்ஜின் கத்திக்கிட்டே இருக்கு."

காரணம், நாங்கள் மாற்றாமல் விட்ட டிஃபரன்ஷியல். ஆட்டோ 330ஐக்கு பிஎம்டபிள்யூ கொடுத்த கடைசி விகிதம் 3.38, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. மேனுவலுக்கு 2.93. ஏன் இந்த வித்தியாசம் என்று அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தோம். வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்டோவில் முதல் கியர் 3.42, ஐந்தாவது 0.75. அதாவது ஐந்தாவதில் இன்ஜினைவிட புரொப்பல்லர் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். நாங்கள் ஏற்றிய இசட்எஃப் ஐந்து கியர் மேனுவலில் முதல் கியர் 4.21, ஐந்தாவது சரியாக 1.00, நேரடி. பெட்டியின் எண்களை மட்டும் பார்த்தால் மேனுவல் இன்ஜினை ரொம்ப அதிகமாகச் சுற்றவைக்கும் கியர்களைக் கொண்டது. அதை ஈடுகட்டத்தான் மேனுவல் வண்டிக்குப் பின்னால் 2.93. முதல் கியரில் பெருக்கிப் பாருங்கள்: ஆட்டோவுக்கு 3.42ஐ 3.38ஆல் பெருக்கினால் 11.56, மேனுவலுக்கு 4.21ஐ 2.93ஆல் பெருக்கினால் 12.34. கிட்டத்தட்ட ஒன்று. நாங்கள் செய்த கலவையிலோ 4.21ஐ 3.38ஆல் பெருக்க வேண்டும்: 14.23.

205/50 ஆர்17 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் முதல் கியர் 6500 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) மணிக்கு 55 கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும், 2.93 இருந்தால் 63 வரை இழுக்கும். சிக்னலிலிருந்து கிளம்பினால் சாலையைக் கடப்பதற்குள் இரண்டாவது கேட்கும். மேல் முனையில் இன்னும் மோசம். இங்கே நெடுஞ்சாலை வேக வரம்பு 70 மைல், அதாவது 113 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஆட்டோவாக இருந்தபோது இன்ஜின் சுமார் 2380 ஆர்பிஎம்மில் ஓடியிருக்கும். ஆலையிலிருந்து மேனுவலாக வந்திருந்தால் 2750. இப்போது 3170. தம்பியின் காது பொய் சொல்லவில்லை.

சிலர் இந்தக் கலவையை வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறார்கள். ஊருக்குள் வண்டி சீறும், பந்தயப் பாதையில் இன்னும் நன்றாக இருக்கும். தினமும் அறுபது மைல் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவருக்கு இது தண்டனை. பெட்ரோலும் கூடுதல். மூன்று மாதம் சகித்துவிட்டு, வேறொரு மேனுவல் 330ஐயிலிருந்து 2.93 டிஃபரன்ஷியல் தேடி வாங்கினார். எக்ஸாஸ்ட் மறுபடி இறங்கியது, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பின்முனை மறுபடி பிரிந்தது. முதல் தடவையே வண்டியடியில் எல்லாம் கழன்று கிடந்தபோது செய்திருந்தால் இரண்டு மணி நேர வேலை. தனியாகச் செய்ததில் ஒரு நாள் முழுக்கப் போனது. மொத்தச் செலவைக் கடைசியில் கூட்டியபோது கியர்பாக்ஸின் பங்கு மூன்றில் ஒன்றுகூட வரவில்லை.

இதற்கிடையில் காகித வேலை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுதித் தெரிவித்தார். சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் பாலிசி வெறும் தாளாகிவிடலாம். தமிழ்நாட்டில் இதைப் படித்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை முதலில் பார்த்துவிடுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது அது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

நாங்கள் இருவரும் யோசிக்காத விஷயத்தைத் தம்பியின் மனைவிதான் கேட்டார். டிஃபரன்ஷியல் மாற்றி முடித்து, கை கழுவிக்கொண்டு நிற்கிறோம். "எல்லாம் சரிங்கண்ணா, இனி பிள்ளையை ஸ்கூல்ல விட நான் எதுல போறது?"

அவருடையது ஆட்டோ லைசென்ஸ். இந்த நாட்டில் ஆட்டோ வண்டியில் ஓட்டிக்காட்டித் தேறினால் லைசென்ஸில் 78 என்ற குறியீடு விழும்; மேனுவல் வண்டியைத் தனியாக ஓட்ட முடியாது. 205ஐ வண்டியிலிருந்து எடுத்த நாங்கள் 78ஐ மறந்துவிட்டோம். தம்பி என்னைப் பார்த்தார். நான் கராஜ் மூலையில் கிடந்த ஆட்டோ பெட்டியைப் பார்த்தேன்.

ஆட்டோ லைசென்ஸ் உள்ளவர் மேனுவலுக்குப் பழகுநராக ஓட்டலாம், பக்கத்தில் தகுதியுள்ள ஒருவர் இருந்தால். இன்சூரன்ஸுக்கு இன்னொரு கடிதம் போனது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த 330ஐயின் முன்னும் பின்னும் சிவப்பு எல் பலகை ஒட்டியிருக்கும். 231 குதிரைகளும் தெருமுனையில் ஒரு துள்ளு துள்ளி நிற்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். ரிவர்ஸ் மட்டும் போட்டவுடன் விழுகிறது.